பிரஷர் வாஷர் வாங்குறதுக்கு முன்னாடி: மெஷின், ரேட், ஒரு விரல்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பச் சொன்னவற்றை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

சின்ன முதலீட்டுல சொந்தத் தொழில் ஆரம்பிக்கிறவங்களுக்கான நம்ம தொடர்ல, இந்த வாரம் என் சொந்தத் தொழிலைப் பத்தியே பேசப்போறேன். சென்னையில நான் பிரஷர் வாஷிங் கான்ட்ராக்ட் எடுத்துப் பண்றேன். மொட்டைமாடி, கார் பார்க்கிங், காம்பவுண்டு சுவர், ஹோட்டல் கிச்சன் பின்பக்கம், இதுதான் நம்ம ஏரியா. "அண்ணா, ஒரு மெஷின் வாங்கிட்டா போதுமா?" அப்படின்னு கேட்டு நிறைய மெசேஜ் வருது. போதாது. ஏன்னு சொல்றேன். முதல்ல என் முதல் வேலையில என்ன ஆச்சுன்னு கேளுங்க.

முதல் மொட்டைமாடி

மேடவாக்கம் பக்கம் ஒரு நாலு மாடி அபார்ட்மென்ட். மாடி முழுக்க சிவப்பு தட்டோடு. பழைய சென்னைக் கட்டடங்கள்ல சதுரமா பதிச்சிருப்பாங்களே, அதுதான். மழைக்காலம் வரப்போகுது, பாசி வழுக்குது, சுத்தம் பண்ணிக் கொடுங்கன்னு கேட்டாங்க. எங்கிட்ட புது மெஷின். கூட ஒரு டர்போ நாசில். தண்ணி சுத்திக்கிட்டே ஊசி மாதிரி அடிக்கும். அடிச்ச இடமெல்லாம் பளிச்சுன்னு சிவப்பு தெரியுது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். செகரட்டரி மாமா கை குடுத்தார்.

அக்டோபர் கடைசியில மழை வந்துச்சு. மேல் மாடியில மூணு வீட்டுலயும் சீலிங் ஒழுக ஆரம்பிச்சுடுச்சு. நான் பாசியை மட்டும் எடுக்கல. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல இருக்குற பாயின்டிங் பூச்சையும் சேர்த்துக் கிளறி எடுத்திருக்கேன். மாடியில தண்ணி கீழே இறங்காம காக்குறதே அந்தப் பூச்சுதான். மேஸ்திரியைக் கூப்பிட்டு, மறுபடி பாயின்டிங் பண்ணி, வாட்டர்ப்ரூஃப் அடிச்சுக் கொடுத்தேன். மெஷின் விலையை விட அந்தச் செலவு அதிகம்.

இந்தத் தொழில்ல காசு போறது பெரும்பாலும் மெஷின்ல கிடையாது. எதை, எவ்வளவு வேகத்துல, எவ்வளவு நேரம் அடிக்கணும்னு தெரியாத இடத்துலதான் போகுது. வாடிக்கையாளர் உங்ககிட்ட வாங்குறதும் அந்த அறிவைத்தான். மெஷின் வாடகைக்குக்கூட கிடைக்கும்.

பார் எவ்வளவு, லிட்டர் எவ்வளவு?

கடையில முதல்ல சொல்ற நம்பர் பார். 130 பார், 150 பார், 200 பார். சில பேர் பிஎஸ்ஐ-ல சொல்லுவாங்க. ஒரு பார்னா 14.5 பிஎஸ்ஐ, அவ்வளவுதான் வித்தியாசம். இது அழுத்தம். அழுக்கை மேற்பரப்புலேர்ந்து பெயர்க்கிறது இதுதான்.

ஆனா பெயர்ந்த அழுக்கைத் தள்ளிக்கிட்டுப் போறது தண்ணியோட அளவு. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு பார்க்கணும். வீட்டு உபயோக மெஷின்ல பெரும்பாலும் 5லேர்ந்து 7 லிட்டர் வரும். காரு கழுவப் போதும். 2,000 சதுர அடி பார்க்கிங்ல அதை வெச்சுக்கிட்டு நின்னீங்கன்னா, ஒரு பக்கம் சேறு பெயரும், மறுபக்கம் போய் உட்காரும். நாள் முழுக்கச் சேற்றைத் துரத்திக்கிட்டே இருப்பீங்க. தொழிலுக்குன்னா குறைஞ்சது 10 லிட்டர் வேணும். என் அனுபவத்துல 200 பார், 6 லிட்டர் மெஷினை விட 120 பார், 10 லிட்டர் மெஷின் வேலையைச் சீக்கிரம் முடிக்குது, மேற்பரப்பையும் கெடுக்கிறதில்ல.

இப்ப ஒரு கணக்கு. எழுதி வெச்சுக்கோங்க. பார் பெருக்கல் நிமிஷ லிட்டர், வகுத்தல் 600. வர்ற விடை கிலோவாட். தண்ணிக்குள்ள போற சக்தி அது. பம்புலயும் மோட்டார்லயும் வீணாகுறதையும் சேர்த்தா கரன்ட்டுலேர்ந்து இழுக்கிறது இன்னும் கணிசமா அதிகம்.

120 பார், 10 லிட்டர்னா 1,200. அதை 600-ஆல வகுத்தா 2 கிலோவாட். வீணாகுறதோட சேர்த்து 3 எச்பி மோட்டார். வீட்டுல ஏசிக்கும் கீசருக்கும் இருக்குற 16 ஆம்பியர் பாயின்ட்ல ஓடும். 150 பார், 15 லிட்டர்னா 3.75 கிலோவாட், வீணாகுறதோட நாலரைக்கு மேல. 16 ஆம்பியர் பாயின்ட்டோட எல்லையே சுமார் மூன்றரை கிலோவாட்தான். அதனால அது த்ரீ ஃபேஸ் வேலை. அபார்ட்மென்ட்ல லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் த்ரீ ஃபேஸ் இருக்கும், தனி வீட்டுல இருக்கும்னு நம்பிப் போக முடியாது.

இந்தக் கணக்கு கடைக்காரரைச் சோதிக்கவும் உதவும். "சிங்கிள் ஃபேஸ் சார், 200 பார், 15 லிட்டர்" அப்படின்னு யாராவது சொன்னா, 5 கிலோவாட் வருது. 16 ஆம்பியர் பாயின்ட்ல அது நடக்காது. பெட்டியில பெரிய எழுத்துல இருக்குறது உச்ச அழுத்தம் ஒரு நேரத்துல, உச்ச ஓட்டம் வேற நேரத்துல. ரெண்டும் சேர்ந்து வேலை நேரத்துல எவ்வளவு கிடைக்கும்னு கேளுங்க.

மோட்டாரும் பம்பும்

மோட்டார் ரெண்டு வகை. மிக்ஸி மாதிரி கத்துறது யுனிவர்சல் மோட்டார். கார்பன் பிரஷ் தேயும், சீக்கிரம் சூடாகும், எடை குறைவு, விலையும் குறைவு. வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு ஓகே. இன்டக்‌ஷன் மோட்டார் கனமா இருக்கும், சத்தம் குறைவு, நாள் முழுக்க ஓடும். காயில் எரிஞ்சாலும் தெருவுக்கு ஒரு காயில் கட்டுற கடை இருக்கு. சரி பண்ணிக்கலாம். தொழிலுக்கு இதுதான்.

பம்புல தேட வேண்டியது பித்தளைத் தலை, செராமிக் பிளஞ்சர், கிராங்க் ஷாஃப்ட். சீல் கிட் தனியா கிடைக்குதா, எங்க கிடைக்குதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. பாரிமுனையில பத்து கடை ஏறி இறங்கினா எந்தப் பம்புக்கு ஸ்பேர் எளிதாக் கிடைக்கும்னு தெரிஞ்சுடும். ஸ்பேர் கிடைக்காத நல்ல மெஷினை விட, ஸ்பேர் கிடைக்கிற சுமாரான மெஷின் மேல். ஏன்னா மெஷின் நிக்கிற அன்னைக்கும் கூட வர்ற தம்பிக்குச் சம்பளம் உண்டு.

பம்பு ஆயிலை முதல் 50 மணி நேரத்துல மாத்திடுங்க. அதுக்கப்புறம் கையேட்டுல சொல்ற இடைவெளியில. ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆச்சுன்னா உள்ளே தண்ணி போகுதுன்னு அர்த்தம், சீல் போயிடுச்சு.

புதுசா வர்ற பசங்க பண்ற இன்னொரு தப்பு, மெஷினை ஓடவிட்டு, கன்னை மூடிட்டு, போன் பேசப் போறது. நிறைய மெஷின்ல கன் மூடினாலும் மோட்டார் நிக்காது. அன்லோடர் வால்வு வழியா அதே தண்ணி பம்புக்குள்ளேயே சுத்தும். கொஞ்ச நிமிஷத்துல அது கொதிக்கிற அளவுக்குச் சூடாகி சீலைத் தின்னுடும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிறுத்தணும்னா சுவிட்சை அணைச்சுடுங்க.

மாடிக்கு மெஷினைத் தூக்காதீங்க

இதை யாரும் எனக்குச் சொல்லல. முதல் ஆறு மாசம் ரெண்டு பேரா மெஷினைப் படி வழியாத் தூக்கினோம். தேவையே இல்ல. 10 மீட்டர் உயரத்துக்கு இழக்குற அழுத்தம் ஒரே ஒரு பார். நாலு மாடின்னா ஒண்ணேகால் பார். 120-ல அது ஒண்ணுமே இல்ல.

உண்மையில அழுத்தத்தைத் தின்னுறது மெல்லிசு ஹோஸ்தான். நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓட்டத்துல, 30 மீட்டர் ஹோஸ் உள்விட்டம் 6 மில்லிமீட்டரா இருந்தா ஏறத்தாழ 20 பார் போயிடும். அதுவே 8 மில்லிமீட்டர்னா 5 பார்தான் போகும். அதனால மெஷின் கீழே, 8 மில்லிமீட்டர் ஹோஸ் மேலே. ஹோஸை மட்டும் மாடிக் கைப்பிடியில நல்லாக் கட்டுங்க, நழுவி விழக்கூடாது.

தண்ணி விஷயத்துலயும் கவனம். குழாயை நேரா மெஷின்ல மாட்டாதீங்க. நம்ம ஊர்ல டேங்க்ல பாதி தண்ணி இருக்கும், திடீர்னு ஓட்டம் குறையும். பம்புக்குத் தண்ணி பத்தலைன்னா காத்தை இழுத்துத் தடதடன்னு ஆடும். உள்ளே சின்னச் சின்னதா அரிச்சுடும். ஒரு 200 லிட்டர் டிரம், அதுல ஒரு ஃபுளோட் வால்வு, வலை ஃபில்டர் போட்ட சக்‌ஷன் ஹோஸ், இது மூணும் எப்பவும் வண்டியில இருக்கட்டும். டிரம்மை பம்பு மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைங்க. போர் தண்ணி உப்பா இருக்குற ஏரியாவுல வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணி ஒரு பக்கெட் ஓட்டிட்டு மூட்டை கட்டுங்க.

நாசில் கலர் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒண்ணுதான். சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. சிவப்பை நான் வீட்டுலயே வெச்சுட்டு வருவேன். தொண்ணூறு சதவீத வேலை பச்சையும் வெள்ளையும். நாசில் மேல 04 மாதிரி ஒரு சைஸ் நம்பரும் இருக்கும். 120 பார், 10 லிட்டர் மெஷினுக்கு 04 சரியாப் பொருந்தும். சின்னதா போட்டா பம்பு திணறும், பெருசாப் போட்டா அழுத்தம் வராது. "மெஷின் பவர் குறைஞ்சுடுச்சு" அப்படின்னு சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு புது நாசில் போட்டுப் பாருங்க. பல தடவை தேய்ஞ்ச நாசில்தான் காரணம்.

ரெண்டாவதா காசு சேர்ந்ததும் வாங்க வேண்டியது சர்ஃபேஸ் கிளீனர். தட்டு மாதிரி இருக்கும், உள்ளே ரெண்டு நாசில் சுத்தும். தரையில கோடு கோடா விழாது, சுவர்ல தெறிக்காது, வேலை ரெண்டு மடங்குக்கு மேல வேகமாகும். அதோட நாசிலையும் உங்க மெஷின் ஓட்டத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திப் போடணும்.

பாசியை முதல்ல கொல்லணும்

மேடவாக்கத்துல நான் பண்ணின தப்பு அழுத்தத்தால பாசியைச் சுரண்டினது. பாசி உயிருள்ளது. மேலே சுரண்டினாலும் நுண்துளையில மிச்சம் இருக்கும், ரெண்டு மழையில திரும்ப வந்துடும். அதைக் கொன்னுட்டுக் கழுவினா 40 டிகிரி நாசில்லயே போயிடும்.

அதுக்கு ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். கெமிக்கல் கடையில 10லேர்ந்து 12 சதவீதக் கரைசலா கிடைக்கும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்தா சுமார் ஒரு சதவீதம். பூந்தொட்டி ஸ்பிரேயர்ல அடிச்சு 10, 15 நிமிஷம் விடுங்க. காயக்கூடாது, அதனால வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலையில பண்ணுங்க. பச்சை வெளுத்ததும் கழுவலாம். செடித் தொட்டி இருந்தா முதல்ல நல்ல தண்ணியால நனைச்சு, நகர்த்தி வைங்க. ஹைப்போவை மொத்தமா வாங்கி வெயில்ல வைக்காதீங்க, சூட்டுல வீரியம் போயிடும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குக் காஸ்டிக் கலந்த டிகிரீசர். சிமென்ட் கறைக்கு ஆசிட். ஆசிட்டை மார்பிள்லயும் கடப்பாக் கல்லுலயும் கோட்டா கல்லுலயும் தொடவே தொடாதீங்க, பளபளப்பு போயிடும், திரும்ப வராது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: ஹைப்போவும் ஆசிட்டும் ஒரே பக்கெட்டுல, ஒரே தரையில, ஒரே நாள்ல வேண்டாம். ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். முதல் உலகப் போர்ல ஆயுதமாப் பயன்படுத்தின வாயு அது. மூடின பார்க்கிங்ல உயிரே போயிடும்.

தண்ணி எங்க போகுது?

நிமிஷத்துக்கு 10 லிட்டர்னா மணிக்கு 600. அஞ்சு மணி நேரம் அடிச்சா 3,000 லிட்டர். 2019 கோடையில சென்னை ஏரிகள் வறண்டு, தண்ணி லாரிக்காக நின்ன ஊர் இது. வேலைக்கு எவ்வளவு தண்ணி வேணும், அதை யார் தர்றாங்கன்னு முன்கூட்டியே பேசி கொட்டேஷன்ல எழுதிடுங்க. லாரி வரவழைக்கணும்னா அது தனி ரேட்.

இன்னொண்ணு, அந்த 3,000 லிட்டர் போற இடம். தமிழ்நாட்டுல 2003-ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க. அதனால நிறைய வீடுகள்ல மாடியிலேர்ந்து இறங்குற மழைநீர்க் குழாய் நேரா மீள்நிரப்புக் கிணத்துக்குப் போகுது. பக்கத்துலயே அவங்க போர். நீங்க அடிச்ச ஹைப்போவும் காஸ்டிக்கும் எங்க போய்ச் சேரும்னு யோசிச்சுப் பாருங்க.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழாய் வாயிலயும் ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, கீழே எங்க வருதுன்னு ஆளை நிறுத்திப் பாருங்க. கிணத்துக்குப் போச்சுன்னா, ஈரத் துணியும் பிளாஸ்டிக்கும் வெச்சு அடைச்சு, தண்ணியை வேற வழியா கழிவுநீர் லைனுக்குத் திருப்புங்க. முடிஞ்சதும் அடைப்பை எடுக்க மறக்காதீங்க, இல்லன்னா அடுத்த மழையில மாடியே குளம். இதை வீட்டுக்காரங்க முன்னாடியே பண்ணிக் காட்டினா, ரேட் பேரம் பாதியா குறையும். எனக்கு அடுத்தடுத்த வேலை கொடுத்ததே இந்த ஒரு பக்கெட் தண்ணிதான்.

ரேட்: உங்க சம்பளத்தைச் சேர்த்தீங்களா?

"ஊர்ல எல்லாரும் சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய்தான் வாங்குறாங்க" அப்படின்னு சொல்லுவாங்க. ஊர் ரேட்டுலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. உங்க ஒரு நாள் செலவுலேர்ந்து ஆரம்பிங்க. ஒரு உதாரணம் போடுறேன், உங்க ஊர் கணக்கை நீங்க மாத்திக்கோங்க.

உங்க சம்பளம் 1,500. கூட வர்றவருக்கு 1,000. லோடு ஆட்டோ 1,200. கெமிக்கல் 500. சாப்பாடு, டீ 300. அடுத்த மெஷினுக்காக ஒதுக்குறது 500. ஆச்சு 5,000. அப்புறம் மாசச் செலவு: பொருள் வைக்கிற இடத்துக்கு வாடகை, இஎம்ஐ, போன், இன்ஷூரன்ஸ், விளம்பரம், எல்லாம் சேர்த்து 15,000-னு வெச்சுக்குவோம். ஆரம்பத்துல மாசத்துக்கு 12 நாள்தான் வேலை கிடைக்கும். அதனால நாளைக்கு 1,250. மொத்தம் 6,250.

எட்டு மணி நேர நாள்ல நிஜமாத் தண்ணி அடிக்கிறது அஞ்சு மணி நேரம். மீதி செட்டப், ஊறல், மூட்டை கட்டுறது. மணிக்கு 500 சதுர அடின்னா 2,500. 6,250-ஐ 2,500-ஆல வகுத்தா சதுர அடிக்கு இரண்டரை ரூபாய். இது முதலுக்கு முதல். லாபம் வேணும்னா மூணு ரூபாய்.

இதையே ஒன்றரைக்கு எடுத்தா 3,750 வரும். கையிலேர்ந்து போறது உதவியாளர், வண்டி, கெமிக்கல், சாப்பாடு, ஆக 3,000. சாயங்காலம் 750 மிஞ்சும். லாபம்னு சந்தோஷமா வீட்டுக்குப் போவோம். உண்மையில அன்னைக்கு 2,500 ரூபாய் நஷ்டம். அது ஒரு வருஷம் கழிச்சு, மெஷின் நிக்கிற அன்னைக்குத்தான் தெரியும். என் கூட ஆரம்பிச்ச ரெண்டு பேர் இப்படித்தான் மெஷினை வித்துட்டு டெலிவரி வண்டி ஓட்டப் போனாங்க.

சின்ன வேலைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் வைங்க. 300 சதுர அடி போர்ட்டிகோவுக்கு மூணு ரூபாய்னா 900. வண்டி வாடகைக்கே பத்தாது. நான் அரை நாள் கட்டணத்துக்குக் கீழ வண்டியை எடுக்கிறதில்ல.

போட்டோ கொட்டேஷன் கொடுக்காதீங்க, நேர்ல போங்க. ரெண்டுக்கு ரெண்டு அடி ஒரு ஓரத்துல அடிச்சுக் காட்டி, "இப்படித்தான் வரும்" அப்படின்னு ஒப்புதல் வாங்குங்க. ஏற்கெனவே இருக்குற விரிசல், உடைஞ்ச ஓடு, உரிஞ்ச பெயின்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு அப்புறம் கன்னைத் தொடுங்க. பாதி அட்வான்ஸ்.

காகித வேலையும் கொஞ்சம் இருக்கு. சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி கட்டாயம். உத்யம் பதிவு இலவசம், ஆன்லைன்லயே பண்ணலாம், யாருக்கும் காசு கொடுக்காதீங்க. அதனால ஒரு நன்மை: பதிவு பண்ணின சின்னத் தொழிலுக்கு, வாங்குறவங்க அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும்னு 2006-ஆம் ஆண்டு சட்டம் சொல்லுது. தாமதமானா வட்டி கேட்கலாம். பில்லுக்குக் கீழே உத்யம் எண்ணை எழுதினாலே சில கம்பெனி அக்கவுன்ட்ஸ்ல வேகம் வருது.

ஒரு விரல்

இதைச் சொல்லத்தான் இந்த எபிசோடையே எடுத்தேன்.

என்கிட்ட வேலை பார்த்த தம்பி, இருபத்திரண்டு வயசு. ஒரு நாள் ஹோஸ் ஜாயின்ட்டுகிட்ட லேசா ஆவி மாதிரி தண்ணி தெறிச்சுது. எங்கேர்ந்து வருதுன்னு பார்க்க, விரலால தடவினான். "ஸ்ஸ்" அப்படின்னு கையை உதறினான். பார்த்தா ஆள்காட்டி விரல் நுனியில ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட சரியா வரல. அவன் சிரிச்சான். நான் "பிளாஸ்டர் ஒட்டிக்கோடா, மதியத்துக்குள்ள முடிச்சுடுவோம்" அப்படின்னேன். சொன்னது நான்தான்.

சாயங்காலம் விரல் ரெண்டு மடங்கு வீங்கி நீலமா இருந்துச்சு. ராத்திரி ஆபரேஷன். டாக்டர் என்கிட்டக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆச்சு?" விரல் தப்பிச்சுது. ஆனா இன்னைக்கும் முழுசா மடங்காது.

உயர் அழுத்தத் தண்ணி தோலைத் துளைச்சு உள்ளே போய், தசைநாண் வழியாப் பரவிடும். வெளியில புள்ளிதான் தெரியும். முதல்ல வலிகூட பெருசா இருக்காது. தோலைத் துளைக்க 7 பார் போதும்னு சொல்றாங்க, நம்ம மெஷின் 120. தண்ணியோட கெமிக்கலும் போயிருந்தா இன்னும் மோசம். இது அவசர அறுவை சிகிச்சைக் கேஸ், மணிக் கணக்குல விரல் போறதும் இருக்குறதும் முடிவாகும். அதனால புள்ளி எவ்வளவு சின்னதா இருந்தாலும் வேலையை நிறுத்துங்க, பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. "குத்திடுச்சு" அப்படின்னு சொல்லாதீங்க. "ஹை பிரஷர் இன்ஜெக்‌ஷன் காயம், 120 பார், இந்த கெமிக்கல் கலந்திருந்துச்சு" அப்படின்னு சொல்லுங்க.

லீக் பார்க்கணும்னா மெஷினை அணைச்சு, கன்னை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விட்டுட்டுத்தான் ஹோஸைத் தொடணும். கன்னை மனுஷங்க பக்கம் காட்டுறது, விளையாட்டுக்கு ஷூவைக் கழுவுறது, ரெண்டும் என் சைட்ல கிடையாது. கண்ணாடி, கம்பூட், நீளக் கால்சட்டை கட்டாயம்.

கரன்ட்: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்ட போர்டு ஒண்ணு உங்க சொந்தமா வண்டியில இருக்கணும், அவங்க வீட்டுல இருக்கும்னு நம்பாதீங்க. எக்ஸ்டென்ஷன் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர், மூணு கோர். சுருட்டி வெச்சபடி ஓட்டினா சூடாகி உருகும், முழுசா விரிச்சுடுங்க. கூட வர்றவங்களுக்கு விபத்துக் காப்பீடு எடுங்க. வங்கிக் கணக்கு வழியா வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் தர்ற பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டமாவது முதல்ல இருக்கட்டும், அது ஒண்ணே போதும்னு நினைக்காதீங்க.

உங்க கேள்விகள்

*பெட்ரோல் எஞ்சின் மெஷின் வாங்கலாமா?*
திறந்த வெளியில கரன்ட் இல்லாத சைட்டுக்கு நல்லது. பேஸ்மென்ட் பார்க்கிங்ல ஒரு நிமிஷம்கூட ஓட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரியுறதுக்குள்ள மயக்கம் வந்துடும்.

*சோலார் பேனல் கழுவ இதே மெஷின் போதுமா?*
வேண்டாம். அழுத்தம் பேனல் ஓரத்து சீலை உடைக்கும், வாரன்டியும் போகலாம். மென்மையான பிரஷ், உப்பு குறைஞ்ச தண்ணி, சூரியன் ஏறுறதுக்கு முன்னாடி. கண்ணாடி கொதிக்கும்போது குளிர்ந்த தண்ணி ஊத்தினா விரிசல் விடலாம்.

*எந்த மாசத்துல வேலை அதிகம்?*
சென்னையில மழை முடிஞ்சு ஜனவரியில பாசி வேலை. பிப்ரவரி, மார்ச்ல வெள்ளை கூலிங் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி மாடிக் கழுவல். செப்டம்பர்ல மழைக்கு முன்னாடி. நவம்பர் பெரும்பாலும் சும்மா இருப்போம், அதுக்கு முன்கூட்டியே காசு ஒதுக்குங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னு ஒப்பந்தம் போட்டா இந்த ஏற்ற இறக்கம் குறையும்.

*அபார்ட்மென்ட்ல செப்டிக் டேங்க்கையும் சேர்த்துப் பண்ணச் சொல்றாங்க, செய்யலாமா?*
வாரம் ஒருத்தர் கேட்கிறார். "மெஷின்தான் இருக்கே தம்பி, உள்ள இறங்கி அஞ்சு நிமிஷம் அடிச்சுட்டு வந்துடுங்க, ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தர்றோம்." செய்யாதீங்க. யாரையும் செய்யச் சொல்லாதீங்க. உள்ளே இருக்குற வாயு ஒரு மூச்சுல ஆளைச் சாய்க்கும், காப்பாத்த இறங்குறவரும் போவார். மனிதக் கழிவகற்றும் பணிக்குத் தடை விதிக்கிற 2013 சட்டப்படி, பாதுகாப்பு இல்லாம சாக்கடையிலயும் செப்டிக் டேங்க்லயும் ஆளை இறக்குறது குற்றம். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, இல்லன்னா 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். லாரியில உறிஞ்சுறவங்க இருக்காங்க, அவங்க நம்பரைக் கொடுத்துட்டு வந்துடுங்க. மூடின சம்ப்புக்கும் காத்தோட்டம் இல்லாம, மேலே ஆள் நிக்காம யாரும் இறங்கக் கூடாது.

அந்த வேலை போனா போகட்டும். மேடவாக்கம் மாடிக்கு மறுபடி பூச்சு பூச முடிஞ்சுது. தம்பியோட விரலுக்கு முடியல. அவன் இப்பவும் என்கூடத்தான் இருக்கான், கொட்டேஷன் எழுதுறது, சைட் பார்க்கிறது எல்லாம் அவன்தான். புதுசா யார் சேர்ந்தாலும் முதல் நாள் அந்த விரலை மடக்கிக் காட்டிட்டுத்தான் கன்னைக் கையில கொடுப்பான்.

மெஷின் வாங்குற யோசனை இருந்தா, முதல்ல ஒண்ணை வாடகைக்கு எடுத்து, உங்க வீட்டு மாடியையும் சொந்தக்காரங்க ரெண்டு பேர் மாடியையும் கழுவிப் பாருங்க. எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர், எத்தனை ரூபாய்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அந்த நோட்டு கையில இருந்தா கடைக்காரரும் ஏமாத்த முடியாது, பேரம் பேசுறவரும் அசைக்க முடியாது. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.